சுவெட்டருக்கு இடம் விட்ட வெட்சூட்

ரொறன்ரோவில் குளிர் ஜக்கெற் வாங்கும்போது எங்கள் ஆட்களுக்கு ஒரே சட்டம்தான்: உள்ளே சுவெட்டர் போட இடம் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஏரியில் அலைச்சறுக்கப் போக வெட்சூட் என்ற நீருடை வாங்கியபோதும் நான் அந்தச் சட்டத்தை மீறவில்லை. தடித்த ரப்பர், உறுதியான தையல், ஓர் அளவு பெரிது.

விட்பி ஏரிக்கரையில் நண்பன் ரூபன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "உதுக்குள்ள இன்னொராளும் இருக்கலாம் போல கிடக்கு. தோலோட ஒட்டி இருக்கோணுமடா."

"என்ர வயித்துக்கும் மூச்சுவிட இடம் வேணுமெல்லே" என்று இறங்கினேன்.

முதல் அலையிலேயே விழுந்தேன். கழுத்து வழியாகப் புகுந்த பனித்தண்ணீரைச் சுவெட்டர் ஆசையாகக் குடித்தது. உள்ளே போன நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாவதற்குள் அடுத்த அலை அதை வெளியேற்றிப் புதுப் பனித்தண்ணீரை நிரப்பிவிட்டுப் போனது. விரல்கள் பலகையை விட்டன. கத்த வாயைத் திறந்தேன், மூச்சே வரவில்லை. சாகும்போது கடவுள் நினைவு வருமாம். எனக்கோ மனைவியின் "நான் சொன்னனான்தானே" தான் கேட்டது.

ரூபன் என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டான். "உன்ர பேரைச் சொல்லடா! பேரைச் சொல்லு!"

என் பெயர் எனக்கு வரவில்லை. எதற்கும் நக்கலடிக்கிற ரூபன் அழுதுகொண்டிருந்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

இப்போது என் புது வெட்சூட்டை மாட்டுவதே ஒரு மல்யுத்தம். உள்ளே சுவெட்டரும் இல்லை, என் மானமும் இல்லை. ரூபன் சிரிப்பதில்லை. என் கழுத்துப் பட்டிக்குள் விரலை நுழைத்துப் பார்ப்பான். விரல் சுலபமாகப் போனால், அன்றைக்கு நான் கரையில்தான்.