எலும்பைத் தாண்டும் அம்பு

அம்பு விற்கிற தொழிலில் எல்லோரும் வேகத்தைக் கேட்பார்கள். பாரத்தைக் கேட்டு வருபவரை விரல் விட்டு எண்ணலாம். தொண்ணூறுகளில் மொன்ட்ரியால் சென்ட் லோரன்டில், ஒரு வேட்டைக் கடையின் பின்னறையில் அம்பு பொருத்துவது என் வேலை. எல்லாம் தெரிந்த வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கிய உங்களுக்கு என் பாடு விளங்கும்.

மரக்கறிக்காரன்

சேர்ந்த முதல் இலையுதிர் காலத்தில் ஒரு லொறிச் சாரதி வளைந்த அம்போடு வந்தார். குதிரையை விடப் பெரிய மூஸ் மானின் தோள் எலும்பில் பட்டு அம்பு நின்றுவிட்டதாம். மான் காயத்தோடு ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. வில்தான் பிழை, புதிது வேண்டும் என்றார்.

அம்பை வாங்கிப் பார்த்தேன். மெல்லிய அலுமினியக் குழாய், முனைக்குப் பின்னால் மடங்கியிருந்தது. “வில்லில பிழையில்லை. அம்பு பாரம் காணாது, முன்பக்கம் பெலனில்லை” என்றேன். நீ எத்தனை மூஸ் அடித்திருக்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை, நான் மரக்கறி என்றேன். அவர் எங்கள் கடை முதலாளி ஜில்லைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “இறைச்சி தின்னாதவன் எனக்கு மூஸ் வேட்டை படிப்பிக்கிறான்.”

ஈரப் பேப்பரும் பலகையும்

ஜில்லும் அவர் பக்கம்தான். நான் முன்பு கடைசல் பட்டறையில் நின்றவன். பித்தளைத் துண்டொன்றைக் கடைந்து, தடித்த குழாயின் முன்பக்கத்துக்குள் ஒட்டி, இரண்டே அலகுள்ள ஒடுங்கிய முனையைப் பூட்டினேன். ஒரு சனிக்கிழமை, இறைச்சிக்குப் பதில் நனைத்த பேப்பர் கட்டுகளும், எலும்புக்குப் பதில் அவற்றின் முன்னால் ஒட்டுப்பலகையும் வைத்து, ஜில் தன் அம்பையும் என் அம்பையும் ஒரே வில்லால் விட்டார். அவருடையது பலகையைத் தாண்டி நாலு விரல் போனது. என்னுடையது இறகு வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்து இழுத்துப் பார்த்துக் கைவிட்டார். பிறகு சொன்னார்: “திங்கட்கிழமையிலயிருந்து மூஸ் அம்பு எல்லாம் நீதான் செய்யிறாய்.”

கூர் பார்க்கிற கை

முனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூர் இல்லாவிட்டால் பிரயோசனமில்லை. தீட்டிய அலகை இடது முன்கையில் மெல்ல இழுப்பேன். ரோமம் சிரைபட்டால்தான் பெட்டிக்குள் போகும். ஐப்பசி வரும்போது அந்தக் கை வழுவழுவென்று இருக்கும். என் மனைவி சொன்னாள்: “கலியாண வீட்டுக்கு வரேக்க நீட்டுக்கைச் சேட்டுப் போடுங்கோ.”

லூசியின் அம்பு

லூசி பள்ளிக்கூடச் சமையல்காரி, சின்ன உருவம். மூஸ் அம்பு கேட்டுக் கடைக்கு வந்தாள். அவள் இழுக்கக்கூடிய பெலன் குறைந்த வில்லுக்கு மூஸ் விழாது என்று அண்ணன்மார் மூவரும் சொல்லிவிட்டார்களாம். “காயத்தோட ஒண்டு தப்பினால் நான் பிறகு வில்லைத் தொடமாட்டன். உண்மையைச் சொல்லு, ஏலுமா?” என்று கேட்டாள். அவள் வில்லை வாங்கி இழுத்துப் பார்த்தேன். ஏலும் என்றேன். அவள் வில்லுக்கு ஏற்ற பார அம்பு ஆறு செய்து, ஒவ்வொரு முனையையும் மூன்று தரம் தீட்டினேன். “கிட்ட வரட்டும். தோளை விட்டிட்டு விலாவுக்கு அடி” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பருவம் முடிய வந்தாள். அம்பு விலாவுக்குள்ளால் போய் மற்றப் பக்கத்து மண்ணில் குத்தி நின்றதாம். மூஸ் ஐம்பது அடி நடந்து விழுந்ததாம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “மூண்டு அண்ணன்மாரும் வெளியில காருக்குள்ள இருக்கினம், உள்ள வந்து தங்களுக்கும் அம்பு கேக்க வெக்கமாம்.”

அந்தக் கடையில் நின்ற எட்டு வருடத்தில் பெரிய மிருகத்தின் எலும்பைத் தாண்ட வழி கண்டுபிடித்த எனக்கு, “அம்பு செய்யிறன்” என்றால் பகிடி என்று சிரிக்கிற எங்கள் தமிழ்ச் சனத்தை நம்பவைக்க மட்டும் இன்றுவரை ஒரு வழியும் பிடிபடவில்லை.