அப்பா சொன்ன சாட்சி

என் அப்பா பொய் பேசத் தெரியாதவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரால் நாங்கள் பட்டதை நினைத்தால் இந்த வயதிலும் எரிச்சல் அடங்குவதில்லை. கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்னது பொய். அதைப் பொய் என்று அறியாமலே சொன்னார் என்பதுதான் பெரிய தொல்லை.

அப்போது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, அதன் வாயுவில் புகை கக்கி ஓடின. என் சித்தப்பா, நெய்த சேலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ராசிபுரத்திலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனபோது, அப்படி ஒரு லாரி சாலையை விட்டு இறங்கி அவர் மேல் ஏறிவிட்டது. டிரைவரின் கண்ணைப் புகை மறைத்துவிட்டதாம். போலீஸ் வழக்கில் அபராதம் கட்டிவிட்டு அவன் மறுபடி லாரி ஓட்டப் போய்விட்டான்.

சித்தி சின்னஞ்சிறு பெண். இடுப்பில் பெண் குழந்தை ஒன்று. சித்தப்பாவின் தறியில் அப்பா ஒரு கூலி ஆளை உட்கார வைத்தார். அப்பாவுக்குக் கண் மங்கி, அவர் தறியில் உட்கார்ந்தே சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தப்பாவின் நெசவில்தான் வீடு நடந்தது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவைத் தவிர.

செத்தவனின் மனைவியும் பிள்ளையும் லாரி முதலாளி மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம், ஆனால் ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று சேலத்து வக்கீல் ஒருவர் சொன்னார். அப்பா மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டு நின்றார். "தம்பி உசுருக்கு வெலை பேசறதுங்களா?" என்று பார்ப்பவரையெல்லாம் கேட்டார். கடைசியில் சித்திதான் வழக்குப் போடச் சொன்னாள். என் வாய் வழியாக.

தம்பி மனைவி தன் கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வழக்கமில்லை. அப்பா முன்கட்டில் இருப்பார். சித்தி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். நடுவில் பள்ளிக்கூடப் பையன் நான். அப்பாவின் குரல் வீதிவரை போகும். ஆனாலும் நான் ஓடிப்போய் மறுபடி சொன்னால்தான் அது சித்தியிடம் சொன்னதாகக் கணக்கு. சித்தியின் குரலோ நான் கிட்டே போனால்தான் எனக்கே கேட்கும்.

"பணம் வந்தா பள்ளிபாளையத்துல எங்கண்ணன் ஊட்டுப் பக்கத்துல தனியா ஒரு தறி போட்டுக்குவேன் சாமி" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவளுக்கு நன்றாக நெய்யத் தெரியும்.

வழக்கு வாய்தா வாங்கி வாங்கி நகர்ந்தது. அப்பா சாட்சிக் கூண்டு ஏற வேண்டிய நாள் நெருங்கியபோது வக்கீல் அவரை உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். "ஏனுங்க, உங்க தம்பி செத்ததுல அந்தப் பொண்ணுக்கு என்ன நஷ்டமுன்னுதான் கோர்ட்டு பார்க்கும். யார் சம்பாத்தியத்துல சாப்பிட்டாங்கன்னு கேட்டா, தம்பி சம்பாத்தியத்துலன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாமுங்க." என்னைப் பார்த்து, "தம்பி, ஊட்டுல நீ எதிர்க்கட்சி வக்கீலா நின்னு கேட்டுப் பழக்கு" என்றார்.

அப்பாவின் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வக்கீலானேன்.

"உங்க தம்பி பொண்டாட்டி யார் சம்பாத்தியத்துல சாப்பிட்டாங்க?"

"தம்பி சம்பாத்தியத்துல. ஆனா ஒண்ணுடா..."

"ஆனா வேண்டாம்ப்பா!"

"பெரியவன்னு நான் ஒருத்தன் இருக்கறப்ப..."

"அதைத்தான் சொல்லக் கூடாதுங்கறாரு வக்கீல்!"

சித்தி கதவைத் தட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "அந்த ஒத்தை வார்த்தையோட நிறுத்தச் சொல்லு சாமி." போய்ச் சொன்னேன். "நிறுத்தறேன், நிறுத்தறேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கல்லுக்குப் பாடம் சொல்லியிருந்தால் அதுவாவது பேசாமல் இருந்திருக்கும்.

கோர்ட்டில் முதல் கேள்விக்கு அப்பா ஒழுங்காகவே பதில் சொன்னார். எங்கள் வக்கீலின் முகம் தெளிந்தது. எதிர்க்கட்சி வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சும்மா விசாரிப்பது போலக் கேட்டார்.

"அப்போ நீங்களும் தம்பி கையை எதிர்பார்த்துத்தான் உக்காந்திருந்தீங்களாக்கும்?"

அப்பா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பேச்சுங்க பேசறீங்க? எங்க ஊட்டு அடுப்பு எரியறது என் கையில. தம்பி என்ன கொண்டாந்தான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லீங்க. அவம் பொண்டாட்டி புள்ளைக்கு அவன் இருந்தப்பவும் நாந்தான், இப்பவும் நாந்தான். ஒரு குறையும் இல்லீங்க!"

"ரொம்பச் சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் கைதட்டாத குறை. என் அப்பா அவ்வளவு உயரமாக நின்று நான் பார்த்ததே இல்லை.

தீர்ப்பு வந்தது. டிரைவர் மேல் தப்பு என்பது ருசுவாகிறது, ஆனால் மனைவிக்கும் குழந்தைக்கும் நஷ்டம் எதுவும் ருசுவாகவில்லை, வழக்குத் தள்ளுபடி. "இனி என்னைக் கூப்பிடாதீங்க" என்று வக்கீல் கும்பிட்டுவிட்டுப் போனார். ஊரிலோ அப்பாவுக்கு ஏகப்பட்ட மரியாதை. தம்பி சாவை விற்காத மனுஷன் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், நாலு பேர் வந்து உட்கார்ந்திருக்கும்போது, அப்பா என்னைக் கூப்பிட்டார். "உஞ் சித்தியைக் கேட்டுட்டு வாடா. என்ன வேணுமோ வாய் தொறந்து கேக்கச் சொல்லு. கோர்ட்டுல சொன்னவன் நானு."

சமையலறைக்குப் போனேன். சித்திக்கு எல்லாம் கேட்டிருந்தது. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"உங்க சித்தப்பா தறியை மட்டும் பிரிச்சு வண்டியில ஏத்தி உடச் சொல்லு சாமி. எங்கண்ணன் ஊட்டுல போட்டுக்கறேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் முன்கட்டுக்கு நடந்தேன். ஒரு குறையும் இல்லை என்று அப்பா சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். இவள் தறி கேட்டால் அந்தச் சத்தியம் என்ன ஆவது? வந்திருந்தவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். சித்தி சொன்னதில் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் வேண்டாமாம்ப்பா."

"எனக்குத் தெரியுமே!" என்றார் அப்பா, வீதிக்கே கேட்கும்படி.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அந்த நாலு பேருக்கு முன்னால், ஜம்பத்துக்காகவாவது அன்றைக்கே வண்டி பிடித்திருப்பார். அம்மாவிடம் சித்தி சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அந்தத் தறியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அம்மா அதை விட்டுக்கொடுப்பாளா? சித்தி சாகும்வரை எங்கள் வீட்டில் இருந்தாள். சோப்பு வேண்டுமென்றாலும் அம்மாவைத்தான் கேட்டாள். அவள் மகள் பள்ளிக்கூடம் பார்க்கவில்லை. நான் பி.ஏ. வரை படித்தேன்.

அன்று நான் உள்ளே திரும்பியபோது சித்தி கதவை ஒட்டி நின்றிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. மறுபடி போய்ச் சரியாகச் சொல் என்றும் சொல்லவில்லை. அதனால் நான் சொன்னது சரிதான் என்று எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். சொல்லி அனுப்ப அவளுக்கு வேறு ஆள் இல்லை என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.