ஐவரியா, க்ரீமா

எழுபதுகளின் தொடக்கம். தி. நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எங்களுக்குத் தலைப்பொங்கல் வரவிருந்தது. முன்னறைக்கு டிஸ்டெம்பர் அடிக்க வந்த பெயிண்டர், ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு பட்டை இழுத்துக் காட்டினார். ஒன்று ஐவரி, மற்றது க்ரீம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. என் கணவர் மட்டும் க்ரீமில் மஞ்சள் ஒரு பொட்டு கூடுதல் என்று சாதித்தார்.

"இங்க வந்து பாரு, வெயில்ல தெரியும்" என்று சுவரோரம் நின்று என் பக்கம் திரும்பினார்.

நான் பார்த்தது சுவரை அல்ல, அவர் கண்ணை. விழியின் வெள்ளை அந்த க்ரீமைவிட மஞ்சளாக இருந்தது.

மஞ்சள் காமாலைக்கு என் சின்ன அண்ணனைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். அவனுக்கும் முதலில் கண்ணில்தான் தெரிந்தது. ஒரு வாரமாக இவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனதும், வேலை பார்க்கும் துணிக்கடையில் நின்று நின்று அசதி என்று சொன்னதும் நினைவுக்கு வந்தன. சுவரின் சாயல்தான் கண்ணில் விழுகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

"கொஞ்சம் மொட்டை மாடிக்கு வாங்க" என்றேன்.

எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். வெட்டவெளி வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இறங்கி வந்ததும், "இன்னாம்மா, எத அடிக்கட்டும்?" என்றார் பெயிண்டர். பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, செருப்புகூட மாட்டாமல் தெருவுக்கு ஓடி ரிக்‌ஷா கூப்பிட்டேன்.

காமாலைதான் என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், படுக்கையும் பத்தியமும் இருந்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அது எதுவும் என் காதில் ஏறவில்லை.

"பொழச்சிருவாங்களா டாக்டர்?"

என் கணவரை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் அப்போதுதான் வெளுத்தது.

பொங்கல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தை முழுக்க மோரும் குழைந்த சோறும்தான். விடிந்ததும் அவரை ஜன்னலருகே உட்காரவைத்துக் கண்ணைப் பார்ப்பேன். நேற்றைக்கு இன்று குறைந்திருக்கிறதா என்று ஒருநாளும் நிச்சயமாகச் சொல்ல முடிந்ததில்லை. உற்றுப் பார்க்கப் பார்க்க, அவர் சட்டை, தலையணை உறை எல்லாமே மஞ்சளாகத் தெரியும். பயந்துபோய்ப் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

மாசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம், தானாகவே பசிக்கிறது என்று வந்து உட்கார்ந்தவர், இந்தச் சோற்றை மனுஷன் தின்பானா, ஊறுகாய் வை என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை பிடித்தார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.