தண்ணீர் திறக்காத அம்பன் கங்கையில் மூன்று நாள்

வெள்ளி, காலை 7.20. மாத்தளைக்கு வடக்கே, சுது கங்கைக் கரை.

ஆறே முக்காலுக்குப் புறப்படும் என்று சொல்லப்பட்ட பயணம் இது. ஆளுக்கொன்றாகச் சிறு படகுகள் மூன்றும் கரையில் கிடந்தன; துடுப்புகள் இன்னும் முச்சக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தன. ஆளுக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய், சாப்பாடும் கூடாரமும் சேர்த்து. சுது கங்கையில் தொடங்கி, போவத்தென்ன நீர்த்தேக்கத்தைக் கடந்து, அம்பன் கங்கை வழியாக மூன்றாம் நாள் மாலை மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் முடிய வேண்டும்.

வழிகாட்டி ஃபஸ்மிர் நாவுல பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவருக்கு இது சாதாரணப் பயணமல்ல. கொழும்பிலுள்ள சுற்றுலா நிறுவனம் ஒன்றிலிருந்து தாரிணி என்ற பெண் எங்களுடன் வந்திருந்தார். மூன்று நாள் பாதையும் ஒழுங்காக முடிந்தால் அதை இந்தப் பருவத்துத் திட்டத்தில் சேர்ப்பார், முடியாவிட்டால் சேர்க்கமாட்டார். அதைத் தாரிணி மறைக்கவும் இல்லை. காசு கொடுத்து வந்த பயணி நான் ஒருவன்தான்.

ஒரு வழியாக எட்டு மணிக்கு ஆற்றில் இறங்கினோம். மூங்கில் புதர்களுக்கிடையே கலங்கல் நீர் நல்ல வேகத்தில் ஓடியது. நீலமும் செம்மஞ்சளுமாக ஒரு மீன்கொத்தி முன்னே முன்னே பறந்து வழிகாட்டியது. உண்மையில் அன்று வழிகாட்டியது அது மட்டும்தான். நண்பகலுக்குச் சற்று முன் ஃபஸ்மிர் படகைக் கரையில் ஏற்றி, பையிலிருந்து சாரத்தையும் தொப்பியையும் எடுத்தார்.

"சேர், கொஞ்சம் இரிங்க. ஜும்ஆவுக்குப் போய்ட்டு ஓடி வாறேன்."

"இது உங்க அட்டவணையில இல்லையே."

"வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கேனே சேர்."

ஒன்றரை மணி நேரம் அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்தபடி காத்திருந்தோம். தொழுகையில் எனக்கு வருத்தமில்லை. வெள்ளிக்கிழமை வருவது யாருக்கும் புதிதல்ல. அதை அட்டவணையில் எழுதாததுதான் எரிச்சல்.

சனி, மாலை 4.30. போவத்தென்ன நீர்த்தேக்கம்.

பகல் முழுவதும் எதிர்க்காற்று. ஒரு துடுப்பு முன்னே போனால் காற்று அரைத் துடுப்பு பின்னே தள்ளியது. பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்தன. எதிர்க்கரையில் இரண்டு யானைகள் புல்லை வேரோடு பிடுங்கி, காலில் தட்டி மண் உதறித் தின்றன. தாரிணி துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இது ஒண்ணுக்கே ஆள் வரும்" என்றார். ஃபஸ்மிர் மகிழ்ந்திருக்க வேண்டும். அவரோ தூரத்தில் தெரிந்த அணையைப் பார்த்ததிலிருந்து துடுப்பைத் தப்புத் தப்பாகப் போட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

ஞாயிறு, காலை 8.00. அணைக்குக் கீழே.

ஆறு இல்லை. பாறைகள் இருந்தன, மருத மர வேர்கள் இருந்தன, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குட்டைகள் இருந்தன. படகை இழுத்தோம், இழுக்க முடியாத இடத்தில் தலையில் சுமந்தோம். ஒரு குட்டையில் மூன்று நீர்நாய்கள் தலையைத் தூக்கி, படகைத் தலையில் கவிழ்த்தபடி நடந்த எங்களைப் பார்த்தன. ஆற்றை ஆறாகப் பயன்படுத்தியவை அவை மட்டுமே.

பத்தரை மணிக்கு, கரையில் வெங்காயத்தைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைக் கண்டார். ஃபஸ்மிரின் பக்கத்து வயல்காரர், காசிம் நானா.

"என்னடா ஃபஸ்மிர், படகுக்கு ஊர் சுத்திக் காட்டுறியா?"

"சிரிக்காதீங்க நானா. தண்ணியக் காணோம்."

"அத நீ கேக்கிறியா? ரெண்டு கிழமை பிந்தட்டும்னு கை தூக்கினது யாரு? எனக்கு முன்னால இருந்து மறைச்சுக்கிட்டில்ல தூக்கின."

தாரிணி படகைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு விவசாயிகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் கூட்டம் போட்டு, வயல்களுக்குத் தண்ணீர் திறக்கும் திகதியைக் கைதூக்கி முடிவு செய்வார்கள். தண்ணீர் திறந்தால்தான் இந்தப் பகுதியில் ஆறு ஓடும். இந்த முறை பெரிய வெங்காயம் பிந்தியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பிடுங்காத வெங்காயம் அழுகும் என்று, திறப்பதை இரண்டு கிழமை தள்ளிவைத்திருந்தார்கள். கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டேன். எங்கள் பயணத்துக்கு ஃபஸ்மிர் நாள் குறித்த அதே வாரம்.

"ஒரே வாரத்துல ரெண்டையும் எப்படிச் செய்தீங்க?" என்றேன்.

"கூட்டத்துல வெங்காயந்தான் சேர் மனசுல இருந்திச்சு. படகு ஞாபகத்துக்கே வரல்ல."

"எப்ப வந்திச்சு?"

"நேத்து. அணையக் கண்டப்போ."

காசிம் நானா சிரிப்பை அடக்க வெங்காயத்தைப் புரட்டத் தொடங்கினார்.

தாரிணி சிரிக்கவில்லை. "அடுத்த வருஷமும் வெங்காயம் பிந்தினா, நான் ஆள் சேர்த்த பிறகும், கை தூக்குவீங்களா?"

தூக்கமாட்டேன் என்று சொல்லும்படி நான் கண்ணால் சாடை காட்டினேன். ஃபஸ்மிர் என்னைப் பார்க்கவே இல்லை. வயலைப் பார்த்தார்.

"தூக்குவேன் மிஸ். எங்கட வெங்காயம் மட்டுமில்ல, நாப்பது பேர்ட வெங்காயம் கிடக்கு."

"அப்ப மூணாம் நாளை நான் போட முடியாது. நீர்த்தேக்கத்தோட முடிச்சுக்குவோம். ரெண்டு நாள்."

தனக்கு மிகப் பிடித்த பகுதி மூன்றாம் நாள்தான் என்று ஃபஸ்மிர் வெள்ளிக்கிழமையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டினார். "சரி மிஸ். ரெண்டு நாள்."

மாலை 5.15. ஏ9 வீதி, மாத்தளை நோக்கி.

படகுகளையும் எங்களையும் ஒரு சிறிய லொறி ஏற்றிக்கொண்டது. தோளில் தோல் உரிந்திருந்தது. மொரகஹகந்தவை நான் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பொய்யில் மூன்றாம் நாள் தப்பியிருக்கும்; அதைச் சொல்லாதவர் மீதும் கோபம், சொல்லாமல் விட்டதற்காக அவரை மதித்த என் மீதும் கோபம்.

இரவு வீட்டில் குளிக்கப் போனால் குழாயில் காற்று மட்டும் வந்தது. எதற்காக நிறுத்தினார்கள், எப்போது திறப்பார்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடமாக மாத்தளையில் இருக்கிறேன். இந்தத் தண்ணீரை எப்போது திறக்கலாம் என்று கைதூக்கும்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை.