போஸ்டரில் இடது, நேரில் வலது

என் நாத்தனாருக்கு மொத்தம் மூன்று கால்கள். ஒன்று பிறக்கும்போதே வந்தது. மற்ற இரண்டும் விபத்துக்குப் பிறகு செய்து வாங்கியவை. நடமாடுவதற்கு ஒன்று, அதை வீட்டுக்கால் என்போம். மைதானத்துக்கு ஒன்று, வளைந்த கறுப்புத் தகடு, அது ஓட்டக்கால். தெருவில் அவளை ஸ்பிரிங் என்று கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். நூறு மீட்டரில் அவள் பறப்பதைப் பார்த்த பிறகு அதே பெயரைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

பகலில் குழாய் சாமான் விற்கும் கடையில் பில் போடுவாள். விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் ஓடுவாள். அப்படி ஓடிக்கொண்டிருந்தவளை ஒரு துணிக்கடையின் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். "மேடம், உங்களை மாதிரி ஆளுதான் வேணும்" என்றார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆள் இல்லை, அந்தத் தகடு என்பது எனக்கு அப்போதே தெரியும். நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்? துணைக்கு நான்தான் போனேன்.

படம் எடுக்கிற இடத்தில் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, பகலிலும் எரியும் பெரிய பெரிய விளக்குகள். ஸ்பிரிங்குக்கு மஞ்சள் கவுனும் கையில் ஒரு பையும் கொடுத்தார்கள். மேக்கப் பெண் முகத்தை முடித்துவிட்டுக் கீழே குனிந்தாள். "கால் கொஞ்சம் டல்லா இருக்கே" என்று சொல்லித் தகட்டுக்கும் பவுடர் போட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

போட்டோகிராபர் வேறு கத்த ஆரம்பித்தார். "என்ன மேடம், ஆடிக்கிட்டே இருக்கீங்க?"

"சார், இந்தக் காலுக்குக் குதிகால் கிடையாது. இதுல ஓடலாம், சும்மா நிக்க முடியாது."

"ஒரே ஒரு நிமிஷம் நில்லுங்க, போதும்."

"ஒரு நிமிஷத்துல நான் முந்நூறு மீட்டர் ஓடிடுவேன் சார்."

கடைசியில் இரண்டு பேர் தரையில் படுத்துக்கொண்டு, கவுனுக்குள் கையை விட்டு, அவளுடைய நல்ல காலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கோலத்தில்தான் படம் எடுத்தார்கள். அதன் கீழே போடுவதற்கு அவர்கள் வைத்திருந்த வாசகம்: "மறைக்க எதுவும் இல்லை."

போஸ்டர் வந்தது. நாற்சந்தியில், கடையின் பக்கச் சுவரில், மூன்று மாடி உயரத்துக்கு ஸ்பிரிங். நானும் அவளும் எதிர்ப்புறம் நின்று அண்ணாந்து பார்த்தோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவள் மட்டும் தன் காலையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி, என் கால் இடம் மாறிப் போச்சு."

பார்த்தேன். வலது காலில் இருக்க வேண்டிய தகடு இடது காலில் இருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன். மேனேஜர் சாவகாசமாக விளக்கினார். எடுத்தபடி போட்டால் அவள் எதிரே இருக்கிற போட்டிக்கடையைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்ததாம். அதனால் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்களாம். "படம்தானே மேடம், கால் எந்தப் பக்கம் இருந்தா என்ன?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸ்பிரிங் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் என்னைவிட நல்லவள்.

அடுத்த மாதம் தேர்வு ஓட்டம். நாட்டுக்காக ஓடப் போகிற அணியில் அவளுடைய பிரிவுக்கு, அதாவது ஒரு கால் இல்லாதவர்களுக்கு, இரண்டே இடம். இதை விட்டால் இன்னும் நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். இப்போதே அவளுக்கு முப்பது. அன்றைக்கு எங்களை வேனில் கூட்டிப் போனவர் என் கணவர், அவளுடைய அண்ணன். வேன் ஓட்டுவதுதான் அவர் தொழில். மைதானத்துக்குள் வரச் சொன்னால் "வண்டியை யாரு பாத்துக்கறது?" என்று வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஸ்பிரிங்கை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். இன்னொரு ஓட்டக்காரியின் கோச் புகார் கொடுத்திருந்தார். தகுதி பார்க்கும் அதிகாரி, அங்கேயே நின்ற அந்தக் கோச்சின் செல்போனை வாங்கி எங்களிடம் நீட்டினார். அதில் அந்த போஸ்டர்.

"இதுல இடது கால். இங்க நீங்க வலது கால்ல மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. எது உண்மை?"

ஸ்பிரிங் தகட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். முட்டிக்குக் கீழே இல்லாத காலை அவருக்குக் காட்டினாள்.

"இதுதான் சார் உண்மை."

"இது இன்னைக்கு. போஸ்டர் போன மாசம்."

"மாசத்துக்கு ஒரு காலா சார் மாத்துவாங்க?" என்றேன் நான்.

"நீங்க யாரு?"

"அண்ணி."

"அண்ணிங்க பேசக் கூடாது."

அவளுடைய மாற்றுத்திறனாளி அட்டையில் 'ஒரு கால்' என்றுதான் போட்டிருந்தது. எந்தக் கால் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி கம்பெனிக்குப் போன் போட்டார். எனக்கு அவ்வளவு விளக்கிய அதே மேனேஜர், "எங்க படத்துல எந்த மாற்றமும் செய்யல சார். மறைக்க எதுவும் இல்லைன்னு போட்டிருக்கோமே" என்றார். பிறகு உதவி செய்கிற குரலில், "வேணும்னா அவங்க தகட்டை இடது கால்ல மாட்டிக்கலாமே?" என்றார்.

அதிகாரியும் அவரோடு இருந்த இரண்டு பேரும் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினார்கள். போஸ்டரும் பொய் இல்லை, எதிரில் நிற்கிற ஆளும் பொய் இல்லை. அப்படியானால் அவளுக்கு இரண்டு காலுமே இல்லை என்று முடிவு செய்தார்கள்.

"நீங்க ரெண்டு காலும் இல்லாதவங்க பிரிவுல ஓடணும்."

"எனக்கு இடது கால் இருக்கே சார்!"

"அதான் சிக்கல். அந்தப் பிரிவுல சேர்க்கவும் முடியாது. உங்களுக்கு ஒரு கால் அதிகம்."

ஒருவர் குனிந்து பேனா முனையால் அவள் இடது கட்டைவிரலில் குத்தினார். அவள் 'ஆ' என்று கத்தினாள். "உணர்ச்சி இருக்கு" என்றார் அவர். "இப்பல்லாம் அப்படியும் கால் வருது சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே அவளுடைய பிரிவை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிங்கின் உதடு துடித்தது. விபத்து நடந்து பதினோரு வருஷம் என்பார்கள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"கால் போன அன்னைக்குக் கூட இருந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் அதிகாரி. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததே அதற்குப் பிறகுதான்.

"நான் இருந்தேன்" என்று வாசலில் குரல் கேட்டது. ஒலிபெருக்கியில் அவளை மறுபடி மறுபடி கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு என் கணவர் உள்ளே வந்திருக்கிறார். கையில் வண்டிச் சாவி.

"நான் இவளோட அண்ணன். வலது கால் சார். முட்டிக்குக் கீழ."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"காலை எடுத்தாதான் பொழைப்பான்னு டாக்டர் சொன்னாரு. இவளுக்கு நினைவு இல்ல. பெரியவங்க யாரும் ஊர்ல இல்ல. எடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன். எந்தக் கால்னு டாக்டர் ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவையும் வலதுன்னு என் வாயாலதான் சொன்னேன்." சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டார். "அது எப்படி சார் மாறிப்போகும்?"

டாக்டர்களே முடிவு செய்தார்கள் என்றுதான் ஸ்பிரிங்கிடம் சொல்லியிருந்தார்கள். என்னிடமும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோச் தன் செல்போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதிகாரி மேஜையில் இருந்த தகட்டை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

"போய் ஓடும்மா."

ஓடினாள். இரண்டாவதாக வந்தாள். இரண்டு இடத்தில் ஒன்று அவளுக்கு.

கோட்டைத் தாண்டியவள் என்னிடம் வரவில்லை. மூச்சிரைக்க நேராக வேலியோரம் நின்ற அண்ணனிடம் போனாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா என் காலைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறியே, அதுக்கு இதான் காரணமாண்ணா?"

"ஆமா."

"லூசு" என்றாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அன்னைக்கு நீ சொல்லலைன்னா இன்னைக்கு இங்க யாருடா ஓடியிருப்பா?"

அண்ணனை அவள் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் அழுதுகொண்டே குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.