ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

"எனக்கு மறுபடியும் லாட்டரி விழுந்திருக்கு, பாருங்க" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே காபியை உறிஞ்சினார் அக்கா. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் 'வாசல் அக்கா'. வெளியிலிருந்து வரும் எந்த மெயிலும் அவர் காவல் காக்கும் சர்வரைத் தாண்டித்தான் டாக்டர்களிடம் போக வேண்டும். காலையில் வந்ததும் முதல் வேலை, சர்வர் பிடித்து வைத்திருக்கும் குப்பையைப் படிப்பது. நன்றாக எழுதியிருந்தால் திருடனையும் பாராட்டாமல் விடமாட்டார். "எப்படி உருகி உருகி எழுதுறான்! இந்தத் திறமைக்கு உழைச்சே பிழைக்கலாம், என்ன கேடு இவனுக்கு?"

சர்வர்களுக்காகக் குளிரூட்டிய அறையில் அக்கா நடுங்காமல் இருக்க, கணவர் ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தந்திருக்கிறார். அதில் இன்னொரு அக்காவுக்கும் இடம் இருக்கிறது. "என்னை எந்தக் கண்ணால பார்த்து வாங்கினாரோ" என்பார். கழற்ற மட்டும் மாட்டார்.

முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் மெயிலை அவருடைய சர்வர் முதல் தடவை உள்ளே விடாது. இப்போது முடியாது, பிறகு வா என்று திருப்பிவிடும். ஒழுங்கான சர்வர் சற்றுப் பொறுத்துத் தானாகவே மறுபடி வரும். குப்பை அனுப்புகிறவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "ரோஷம் பார்க்காம திரும்பி வர்றவன்தான் நம்மாளு" என்பது அக்காவின் கணக்கு.

அக்காவைப் பார்க்க நான் போயிருந்த அன்று குப்பை வெள்ளமாகப் புகுந்தது. டாக்டர்களின் மெயில் அப்படியே நின்றுபோனது. நிர்வாக அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். "வெளியில இருந்து வர்ற எல்லாத்தையும் அடைச்சிடுங்கம்மா."

"அடைச்சிடலாம் சார். நோயாளிங்களும் வெளியிலதானே இருக்காங்க."

அடைப்பதற்குப் பதிலாக, தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் எல்லோரையும் ஒருமுறை திருப்பி அனுப்பும்படி மாற்றினார். வெள்ளம் வடிந்தது. அதிகாரி கும்பிடாத குறையாகப் போனார்.

மதியம் அறுவை சிகிச்சை டாக்டர் எட்டிப் பார்த்தார். மெயில் சரியாகிவிட்டதா என்று கேட்கத்தான் வந்தார். "இன்னைக்கு ஒரு குழந்தைக்குக் கிட்னி மாத்தணும். அப்பாதான் கொடுக்கறார். ரெண்டு பேரும் காலையில இருந்து பட்டினி. வெளி லேப்ல இருந்து ரிப்போர்ட் இன்னும் வரல. அவங்க எப்பவுமே லேட்டு. தள்ளிப் போட்டுடலாம்னு இருக்கேன்."

அக்காவின் விரல்கள் அவசரமாக ஓடின. திருப்பி அனுப்பப்பட்டவற்றில் அந்த லேப் இருந்தது. அவர்களுடைய பழைய சர்வர் ஒருமுறை வந்துவிட்டு, அதோடு விட்டுவிட்டது. அக்காவின் முகம் வெளிறியது.

"அவங்க அனுப்பிட்டாங்க டாக்டர். நான்தான் விரட்டிட்டேன்."

லேப்புக்கு வழியைத் திறந்துவிட்டுப் போன் செய்தார். "காலையில அனுப்பினதை இன்னொரு தடவை அனுப்புங்கம்மா. இல்லை இல்லை, தப்பு என்மேலதான்." ரிப்போர்ட் வந்து சேர்ந்தது. டாக்டர் அதைப் படித்தபடியே படியேறினார். சிகிச்சை தொடங்கிவிட்டது என்று நர்ஸ் சொல்லி அனுப்பிய பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. சாப்பிடப் போகலாம் என்றேன். அசையவில்லை.

திரையில், காலையில் ஒருமுறை வந்துவிட்டுத் திரும்பாதவர்களின் முகவரிகள் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

"முக்காவாசி திருட்டுப் பசங்கதான்மா, விடுங்க" என்றார் மறுபடி எட்டிப் பார்த்த அதிகாரி.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் முகவரிக்கு எழுதத் தொடங்கினார்: 'காலையில் எங்களுக்கு ஏதாவது அனுப்பினீர்களா? மன்னிக்க வேண்டும். மறுபடியும் அனுப்புங்கள்.'