வால் சீட்டு

பிரம்மதேசம் கிராமத்துப் பெரியதம்பிக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. டிரெய்லர் வண்டியின் வாலில் இருந்த இரும்பு சீட்டில் உட்கார வேண்டும். காணி நிலம், கறவை மாடு என்று ஊரான் ஆசைப்படுகிற எதற்கும் அவன் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டது ஒரு முழ இரும்புக்கு. அட, அதற்காக அவன் செய்த காரியத்தைக் கேட்டால் வயிறு எரியும்.

நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கியிருந்த காலம். மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய ராட்சத இரும்புச் சாமான்களை ஒரு காண்ட்ராக்டர் திண்டிவனம், விழுப்புரம் வழியாகக் கொண்டு போனார். முன்னால் இழுக்கிற இஞ்சின் லாரி. அதற்குப் பின்னால் தடித்த தண்டில் கோத்த டிரெய்லர்: தரையை ஒட்டித் தாழ்ந்த தட்டு, இரண்டு முனையிலும் கொத்துக் கொத்தாக டயர்கள். அத்தனை நீளம் வளைவில் திரும்பாது. அதனால் பின்சக்கரங்களைத் திருப்ப வாலிலே தனியாக ஒரு ஸ்டீயரிங், அதற்கு ஒரு சீட்டு, சீட்டில் சவுரிராயன். டிரைவருக்கு அடுத்த மரியாதை அவனுக்குத்தான். எல்லோரும் வெயிலில் நடக்க, அவன் உட்கார்ந்து வருவான்.

பெரியதம்பிக்குக் கிடைத்தது கட்டை போடுகிற வேலை. ஏற்றத்தில் டிரைவர் கியர் மாற்றும்போது பாரம் பின்னால் நழுவப் பார்க்கும். பிரேக்கை நம்பிப் பிழைத்தவன் கிடையாது. புளியமரத்துக் கட்டையோடு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து, வண்டி தயங்கிய உடனே டயருக்கு அடியில் தள்ளிவிட்டு "ஹோய்!" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர்ப்பக்கத்து ஆள் தன் கட்டையைப் போடுவான். இவன் அசந்தால் முதலில் சாகிறவன் வாலில் உட்கார்ந்திருப்பவன்.

ஊரில் அம்மன் தேருக்குக் கட்டை போட்ட கை அது. அதைக் கேள்விப்பட்டுத்தான் மேஸ்திரி தேவநாதன் அவனை வேலைக்குச் சேர்த்தார். தேருக்குக் கட்டை போட்டால் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். இங்கே அந்தத் தலைக்குக் கிடைத்தது சவுரிராயனின் கால். சீட்டிலிருந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். கட்டை சற்றுத் தாமதமானால் குதிகாலால் மண்டையில் ஓர் இடி.

"ஏய் கட்டை! ஜல்தியா போடுடா! தூங்கிக்கினா நடக்கிற?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெரியதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். என்றைக்காவது அந்தச் சீட்டு காலியாகும், அடுத்த ஆள் நீதான் என்று மேஸ்திரி வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

ஒரு முறை பெரிய பாய்லர் ஒன்றை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் கடைத்தெருவுக்குள் வண்டி நுழைந்தது. சனங்களுக்கு அது தேர்தான். தேங்காய் உடைத்தார்கள், சூடம் கொளுத்தினார்கள், இரும்புக்குக் குங்குமம் வைத்தார்கள். பெரியதம்பியின் பெண்டாட்டி அம்சாவுக்குத் தாய்வீடு அந்தத் தெருதான். சொந்தபந்தம் சூழ, தலைநிறையப் பூவோடு நின்றிருந்தாள். சவுரிராயன் அவளைப் பார்த்துவிட்டான். சும்மா இருக்குமா அந்தக் கால்? பெரியதம்பியின் முண்டாசின் மேல் பாதத்தை வைத்து அமுக்கினான்.

"பாரும்மா, உன் வூட்டுக்காரன் தலை எனக்கு முக்காலி!"

தெருவே சிரித்தது. அம்சாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மற்றவர்கள் சிரித்ததை அவன் தாங்கியிருப்பான். அவள் சிரித்ததைத் தாங்க முடியவில்லை.

அன்று பிற்பகல் விக்கிரவாண்டியைத் தாண்டி ஓர் ஏரிக்கரை ஏற்றம். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், அதற்குக் கருங்கல் கைப்பிடிச் சுவர். வளைந்து ஏறிய வண்டியின் வால் சுவரை அப்போதுதான் தாண்டியிருந்தது. கியர் மாறியது. வண்டி தயங்கியது. கட்டை பெரியதம்பியின் கையில் இருந்தது. அவன் போடவில்லை.

ஒரு மூச்சு நேரம்தான். பயம் காட்ட நினைத்தானாம்! தேர் என்றால் ஒரு சாண் நழுவும், மரச்சக்கரம் மண்ணில் பதியும், தானே நிற்கும். அந்தக் கணக்கை அவன் இங்கேயும் போட்டான். தார் ரோட்டில் ரப்பர் டயர் யாருக்கு நிற்கும்? அவன் பதறிக் கட்டையைத் தள்ளிக் கத்துவதற்குள் வால் போய்ச் சுவரில் மோதிவிட்டது. நடுவில் சவுரிராயனின் தொங்கிய கால். அலறல் ஏரிக்கு அக்கரையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. வண்டி மறுபடி முன்னால் நகரும்வரை கால் அங்கேயே நசுங்கிக் கிடந்தது.

"கட்டை வழுக்கிக்கிச்சி மேஸ்திரி" என்றான் பெரியதம்பி. மேஸ்திரி நம்பினார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் கேட்ட ஒரே கேள்வி, வண்டி எப்போது கிளம்பும் என்பதுதான். மறுநாளே பெரியதம்பி வால் சீட்டில் ஏறினான். சீட்டில் காய்ந்திருந்த ரத்தத்தின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டான்.

அடுத்த நடை திண்டிவனத்தில் நுழைந்தபோது அவனைப் பார்க்க வேண்டுமே! மீசையில் எண்ணெய், காதில் பீடி, காலைத் தொங்கவிட்டு ஓர் ஆட்டம். அம்சா ஓடிவந்து திருஷ்டி கழித்தாள். கடவுள் என்று ஒருவன் இருந்தால் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மல்லாட்டைக் கடலை அறுவடை முடிந்த சமயம் சவுரிராயன் மரக்காலோடு வந்து மேஸ்திரி முன்னால் நின்றான். பாதிக் கூலிக்காவது வேலை வேண்டும் என்றான்.

"உனக்கு என்ன வேலைடா குடுப்பேன்?"

"கட்டை போடுறேங்க. சமதரையில தட்டுல குந்திக்கினு வர்றேன். ஏத்தத்துல வண்டி எறும்பாட்டம்தானே ஊருது? கூடவே நடந்துடுவேன். தம்பி குந்தியிருக்கிற வால் பக்கத்துச் சக்கரத்தையே குடுங்க."

பாதிக் கூலி என்றதும் மேஸ்திரிக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அதே ஏரிக்கரை ஏற்றம். கியர் மாறியது. கட்டை விழும் சத்தத்துக்குப் பெரியதம்பி காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். விழவில்லை. வண்டி பின்னால் நழுவியது. கைப்பிடிச் சுவர் அவனை நோக்கி வந்தது. உட்கார்ந்தபடியே மூத்திரம் போய்விட்டது. அப்போதுதான் சக்கரத்துக்கடியில் 'தொம்' என்றது. "ஹோய்!" என்று கத்திவிட்டுச் சவுரிராயன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை.

"இன்னிக்கி இல்ல தம்பி" என்றான்.

அதன் பிறகு ஒவ்வொரு ஏற்றத்திலும் அதுவேதான். யாரிடம் போய்ச் சொல்வான்? சவுரிராயன் வேணும்னே தாமசமாப் போடுறான் என்று வாய் திறந்தால், அப்படியும் போட முடியுமா, நீ போட்டிருக்கிறாயா என்று கேட்பார்கள். வேலையை விடலாம் என்றால் அம்சா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறாள். தேள் கொட்டிய திருடனாக அவன் சீட்டில் ஏறினான், இறங்கினான். சோறு இறங்கவில்லை. எலும்பும் தோலுமானான்.

மறுபடி ஒரு பாய்லர், மறுபடி திண்டிவனம் கடைத்தெரு. தேங்காய், சூடம், கூட்டம். பெரியதம்பி இரண்டு கால்களையும் சீட்டின் மேல் இழுத்து வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தான். ஸ்டீயரிங்கில் ஒரு கை மட்டும் இருந்தது. அம்சாவுக்கு மானம் போனது.

"இன்னாய்யா இது, காலை மடக்கிக்கினு குந்தியிருக்கே? நல்லாத் தொங்கப்போட்டு ஜம்முனு குந்துய்யா. எங்க அண்ணனுங்க பாக்கறாங்க இல்ல!"

தெரு சிரித்தது. வண்டியோடு மரக்காலை ஊன்றி வந்த சவுரிராயன் மட்டும் சிரிக்கவில்லை. குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சொன்னான்.

"நீ பேஜாராவாதே தங்கச்சி. கட்டை என் கையிலதானே கீது."